ஆலப்பாக்கம் வளைவில் எடுத்த படம்

கடலூருக்காகக் கண்ணீர் விடுவதற்கென்றே முகநூலில் ஒரு குழு இருக்கிறது. 'தென்னாற்காட்டுப் பொற்காலம்' என்று பெயர். அதில் அழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலூரை விட்டு ஓடிப்போனவர்கள். துபாயில் ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டு சில்வர் பீச் காற்றை நினைத்து உருகுவார்கள். நியூ ஜெர்சியில் உட்கார்ந்தபடி மூக்கு நீண்ட பழைய பஸ் படத்துக்குக் கீழே, 'அந்தக் காலம் இனி வருமா?' என்று கேட்பார்கள். வராது என்று தெரிந்ததால்தான் அத்தனை தைரியமாகக் கேட்கிறார்கள் என்பது ஜான்சி டீச்சரின் கட்சி.

போன மழையில் கெடிலம் ஆறு ஏறி, முதுநகரில் அவள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அன்றைக்கு இதே குழுவில் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளத்தின் படத்தைப் போட்டு, 'அப்போதெல்லாம் வெள்ளம்கூட எவ்வளவு அழகு' என்று எழுதியிருந்தார். இதயம் இதயமாகக் குவிந்தது. ஜான்சி அந்த நேரத்தில் கட்டில்மேல் நாற்காலியைப் போட்டு, நாற்காலிமேல் தன் அம்மா சவரியம்மாளை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் குழுவை விட்டு அவள் விலகவில்லை. ரிட்டயர் ஆன விளையாட்டு டீச்சர். மைதானம் போனபிறகு கோபப்படுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, அவளிடம் முன்னொரு காலத்தில் கோகோ ஆடிய பெண் ஒருத்தி ஒரு பதிவை அனுப்பிவைத்து, நம்ம ஊரில் கார் ரேஸெல்லாம் நடந்திருக்கிறதாமே டீச்சர் என்று கேட்டிருந்தாள். ஜான்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் திறந்தாள்.

கறுப்பு வெள்ளையில் எடுத்த படம்தான். ஆனால் அப்படியே விட்டால் பொற்காலத்துக்கு என்ன மரியாதை? வானத்துக்கு நீலம், புளியமரங்களுக்குப் பச்சை, காருக்கு மிளகாய்ச் சிவப்பு, முகங்களுக்கு ரோஸ் பவுடர் எல்லாம் பூசியாகிவிட்டது. கூரையில்லாத பழைய இங்கிலீஷ் கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. ஸ்டியரிங்கில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இருக்கிறார். பக்கத்துச் சீட்டில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தங்க ஃபிரேம் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக, நேரே நம்மைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கார் பறக்கிற வேகத்தில் அவர் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை.

கீழே எழுதியிருந்தது: '1959. கடலூர் – சிதம்பரம் மோட்டார் பந்தயம். ஆலப்பாக்கம் வளைவில் சீறிப் பாய்கிறார் தென்னாற்காட்டின் முதல் பந்தய வீரர், கொடைவள்ளல் சுப்பராயலு அவர்கள். அருகில் அவர்தம் திருமகனார், கல்வித்தந்தை சிங்காரம் அவர்கள்.' அதற்கும் கீழே, ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நடக்கும் 'மண்ணும் மோட்டாரும்' பாரம்பரியப் படத் திறப்பு விழாவுக்கு அனைவரும் வருக என்று, சுப்பராயலுவின் பேரனும் பள்ளிக்கூடத் தாளாளருமான திருநாவுக்கரசின் அழைப்பு.

மகன் அப்பாவைவிட முப்பது வயது மூத்தவராக இருக்கிறாரே என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. 'கம்பீரம்' என்றார் ஒருவர். 'லெஜண்டுகள்' என்றார் இன்னொருவர்.

வேறு எந்தப் படமாக இருந்தாலும் ஜான்சி சிரித்திருப்பாள். இதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்துச் சீட்டு அவளுடைய அப்பாவின் சீட்டு.

சுப்பராயலு முதுநகரில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஆட்டி எண்ணெய் எடுக்கிற மில் வைத்திருந்தவர். அவளுடைய அப்பா பெரியநாயகம் அங்கே மெக்கானிக். சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து முதலாளிக்கு ரேஸ் பித்து தலைக்கேறியது. பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி, சிதம்பரத்தில் ஒரு நிலக்காரர், இன்னும் கார் வைத்திருந்த ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டு, போலீசுக்குச் சொல்லாமல், விடிந்தும் விடியாமலும் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. பெரியநாயகத்தைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். ஆலப்பாக்கம் வளைவில் கார் நேரே போய்ப் புளியமரத்தில் மோதியது. சுப்பராயலுவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பெரியநாயகம் அங்கேயே போய்விட்டார். அப்போது சவரியம்மாளின் வயிற்றில் ஜான்சி.

பந்தயம் என்று ஒத்துக்கொண்டால் கேஸ் ஆகும். ஆகவே பந்தயமே நடக்கவில்லை. மெக்கானிக்தான் முதலாளிக்குத் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு போய் மரத்தில் விட்டான் என்று மில்லிலிருந்து ஒரு கதை புறப்பட்டது. முதலாளியின் முழங்கைக் கட்டு பற்றிக் கேட்டவர்களுக்கு, குளியலறையில் வழுக்கியது என்று பதில். மற்ற கார்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர், வழக்கம்போல, மில் வைத்திருந்தவரை நம்பியது. பள்ளிக்கூடத்தில் ஜான்சிக்குப் பெயர் 'கார் திருடன் மவ'. அவளே டீச்சராகி, மாவட்ட அளவில் கோப்பைகள் வாங்கித் தந்தபிறகும், ஸ்டாஃப் ரூமில் யாருடைய பேனாவாவது காணாமல் போனால் ஒரு கண் அவள் பக்கம் திரும்பிவிட்டுப் போகும்.

பெரியநாயகத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கோயிலில் மாலை மாற்றி, வீட்டுக்கு வந்து சோறு தின்றதோடு கல்யாணம் முடிந்தது. கல்லறைத் திருநாளன்று மற்ற கல்லறைகளில் கண்ணாடிக்குள் இருந்து யாராவது முறைத்துக்கொண்டிருப்பார்கள். பெரியநாயகத்தின் கல்லறையில் வெறும் பெயர். ஜான்சி பேருக்குத்தான் மெழுகுவத்தி கொளுத்தியிருக்கிறாள், வாழ்நாள் பூராவும்.

இப்போது அந்தக் குடும்பமே பந்தயம் நடந்தது என்று கொட்டி முழக்குகிறது. அந்தக் கும்பிடு போடுகிற ஆளுக்கு அடியில், ஒரிஜினல் படத்தில், அவளுடைய அப்பா உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தை அவள் பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்து எதையும் வாங்கிக்கொள்வதாக அவள் இல்லை.

உள்ளே போய் அம்மாவிடம், அப்பா முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். விஷயத்தைச் சொல்லவில்லை. சவரியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"இருந்துது. இப்பல்லாம் நெனச்சா உன் மூஞ்சிதான்டி வருது, மீச வச்சிக்கிட்டு."

ஜான்சி திருநாவுக்கரசுக்குப் போன் போட்டாள். மேடை மைக்கில் பழகிய, நெய் தடவிய குரல். கடலூர்க்காரர் என்றதும் ஆன்ட்டி ஆன்ட்டி என்று குழைந்தார். தன் தாத்தாவின் பழைய வீட்டை இடித்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் படம் கிடைத்ததையும், அதைப் பார்த்துத் தனக்கு மயிர்க்கூச்செறிந்ததையும் ஒரு சொற்பொழிவாகவே சொல்லி முடித்தார். ஜான்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐம்பத்தொன்பதில் உங்கள் அப்பாவுக்கு என்ன வயது என்றாள்.



"அது ஒரு சிம்பாலிக்கா வச்சது ஆன்ட்டி. மூணு தலைமுறை ஒரே ஃபிரேம்ல வந்தா நல்லாருக்குமேன்னு."

"ரெண்டு தலமுறதான தெரியுது."

"கீழ என் படமும் வட்டத்துல இருக்குது ஆன்ட்டி. நீங்க முழுசா பாக்கல."

"அந்தச் சீட்ல நெஜத்துல யாரு இருந்தாங்க?"

"அது யாரோ வேலைக்காரப் பையன் ஆன்ட்டி. வண்டி தொடைக்கிறவன்."

ஜான்சி பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரிஜினல் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அது ஃபிரேம் போடப் போயிருக்கிறது, விழாவுக்கு வாருங்கள், கடலூரின் மூத்த குடிமக்களைக் கௌரவிக்கிற நிகழ்ச்சியும் இருக்கிறது, உங்களுக்கும் ஒரு பொன்னாடை போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுத் தங்கம்மாளை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, ஜான்சி சிதம்பரம் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம் வந்ததே தெரியவில்லை. நாலு வழிச் சாலை போட்டதில் புளியமரம் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை, வளைவையும் நிமிர்த்திவிட்டார்கள்.

சிதம்பரத்தில் இறங்கிய இடத்திலேயே திருநாவுக்கரசின் பேனர் நின்றது. ஏழெட்டு ஆள் உயரத்தில் சிங்காரம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த பேனரிலும் ஓர் உண்மை உண்டு. அது அடியில், வலது மூலையில், அச்சடித்த கடையின் பெயரும் நம்பருமாக இருக்கும். ஜான்சி அதைப் பார்த்து விசாரித்துக்கொண்டு மேலவீதிப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த ஃபிளெக்ஸ் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அறிவழகனுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு பக்கம் மெஷின் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவை அச்சடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது; இன்னொரு பக்கம் கம்ப்யூட்டரில் ஒரு கண்ணீர் அஞ்சலி பாதியில் நின்றது. கடலூரில் டீச்சராக இருந்தவள், மண்ணும் மோட்டாரும் பேனரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும், பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஏம்பா, ரேஸ் கார்ல போறவரு எதுக்குக் கும்புடுறாரு?"

"பேனர்னா கும்புடணும் டீச்சர். கும்புடாத ஆள எவன் பேனர்ல வைப்பான்?"

"அந்த வேகத்துல கைய வுட்டா வுழுந்துட மாட்டாரா?"

"அவரு பரவால்ல. டிரைவரையும் கும்புட வைக்கச் சொன்னாரு சாரு. நாந்தான், ஸ்டியரிங் சும்மா கெடந்தா நல்லாருக்காதுன்னு வுட்டுட்டேன்."

தன் தொழிலில் இதெல்லாம் எத்தனை நுணுக்கம் என்று அறிவழகன் விளக்கினார். சிங்காரத்தின் முகம், அவர் இறந்தபோது செய்த கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து எடுத்தது. கைகள் வேறொருவருடையவை, ஏதோ ஒரு வார்டு கவுன்சிலரின் கைகள், நல்ல கும்பிடு, இதுவரை பதினைந்து இருபது பேருக்கு வைத்தாகிவிட்டது. எல்லாம் சரி, அந்த இடத்தில் முன்னால் இருந்த முகத்தை என்ன செய்தாய் என்று ஜான்சி கேட்டாள். 

அறிவழகன் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"மூஞ்சியா? அந்த ஆளுக்கு மூஞ்சியே இல்லீங்களே டீச்சர்."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சாயம் பூசாத, ஸ்கேன் செய்த படம். அதே கார், அதே புழுதி. பக்கத்துச் சீட்டில் ஒல்லியான ஓர் ஆள் முழங்காலை மடக்கிச் சீட்டில் ஊன்றி, முழுசாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு கை சீட்டின் முதுகைப் பிடித்திருந்தது. காற்றில் சட்டை பலூன்போல உப்பியிருந்தது. பின்னந்தலை, கழுத்து, ஒரு காதின் ஓரம். அவ்வளவுதான்.

பெரிசு பண்ணு என்றாள். பண்ணினார். இன்னும் என்றாள். காது பெரிதாகி, சாம்பலாகி, கட்டம் கட்டமாக உடைந்து, கடைசியில் எதுவுமில்லாத ஒரு பரப்பு திரையை நிறைத்துக்கொண்டு நின்றது. இவ்வளவு வருஷம் கழித்து ஒரே ஒரு படத்தில் வந்தார், அதிலும் திரும்பிக்கொண்டார். கோபம் முதலில் பெரியநாயகத்தின் மேலேயே வந்தது. ரிலே ஓடுகிற பெண்ணைத் திட்டுகிற மாதிரி, 'முன்னால பாரு' என்று கத்த வேண்டும்போல இருந்தது.

ரிலே என்றதும் புரிந்தது. பின்னால் வருகிறவளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலை. அந்தக் காரில் பின்னால் பார்க்கக் கண்ணாடி இல்லை. படத்தின் ஓரத்தில், தூரத்தில் இன்னொரு புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனர்ல ஒருத்தன் முதுகு காட்டி உக்காந்திருந்தா சீஃப் கெஸ்ட்ட அவமானப்படுத்துன மாதிரி டீச்சர்," என்று அறிவழகன் சொல்லிக்கொண்டே போனார். "சாரு பாத்ததுமே, யாருடா இவன் மரியாத தெரியாதவன்னாரு. அப்பறம்தான் அவுங்கப்பாவ வச்சது."

செத்தவரைத் தாத்தா திருடன் ஆக்கினார். இப்போது பேரன் மரியாதை தெரியாதவன் ஆக்கிவிட்டார். ஜான்சி அந்தப் படத்தை இருக்கிறபடியே ஒரு பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு, போனிலும் அனுப்பச் சொன்னாள். அது யார் என்று அறிவழகன் கேட்டார். சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல், கும்பிட்டார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் அதே படம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. ஆளுயர மாலை, முன்னால் குத்துவிளக்கு. திருநாவுக்கரசு பட்டுச் சட்டை போட்டு, தாத்தாவின் மோட்டார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு, மண்டபத்துக்குள் எந்நேரமும் புழுதி அடிக்கக்கூடும் என்கிற தயாரிப்போடு உலாவினார். சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தை வீணாக்காமல் ஒரு தமிழறிஞர் பேசிக்கொண்டிருந்தார். வேகம் என்பது தமிழனின் ரத்தத்தில் ஊறியது என்றார். தேரோட்டிய பரம்பரை காரோட்டியதில் வியப்பென்ன என்றார். வாழ்க்கையில் ஒருபோதும் பின்னால் திரும்பிப் பார்க்காத மாவீரர் சுப்பராயலு என்று சொல்லி நிறுத்தினார். கைதட்டல் எழுந்தது.

திரும்பிப் பார்ப்பதற்குத்தான் ஆள் வைத்திருந்தாரே என்று ஜான்சி முணுமுணுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் அவளை உஷ் என்றார்.

மூத்த குடிமக்கள் வரிசையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி, திருநாவுக்கரசின் முகத்துக்கு நேரே பிரிண்டை நீட்டினாள்.

"இந்தச் சீட்டுல இருக்கிறவரு பேரு பெரியநாயகம். எங்க அப்பா. உங்க தாத்தா ஓட்டுன கார்ல, இதே வளைவுல செத்தாரு. கார அவரு திருடிக்கிட்டுப் போனார்னு உங்க வூட்ல சொன்னாங்க. திருடுனவன் பக்கத்துலயா மொதலாளி உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போறாரு?"

திருநாவுக்கரசின் சிரிப்பு குறையவில்லை. அது அவருடைய முகத்தில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. உதடு அசையாமல் பேசினார்.

"ஆன்ட்டி, அந்த ஆக்ஸிடென்ட் வேற நாளா இருக்கும். பழைய கத, நமக்கு எதுக்கு? உங்க மனசு கஷ்டப்படக்கூடாது. அப்பா போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்புங்க, ஓரத்துல வட்டத்துல வச்சிடலாம்."

"போட்டோ இல்ல. இதான் போட்டோ."

"இது முதுகுதான ஆன்ட்டி. முதுகுக்கு மாலை போட முடியுமா?"

ஜான்சி சபையின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வாசலில் இறங்கினார். நாதஸ்வர ரிக்கார்டு முழங்கியது. மைக்கில் வருக வருக என்று ஒருவர் அலறினார். தெருமுனைவரை கேட்கிற அவள் குரல் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஒலிபெருக்கியிடம் தோற்றது. யாரோ பின்னாலிருந்து அவள் தோளில் பொன்னாடையைப் போட்டு இறுக்கினார்கள். போட்டோகிராபர் கீழேயிருந்து, இந்தப் பக்கம் மேடம், கேமராவப் பாருங்க, கொஞ்சம் சிரிங்க என்று கையாட்டினான்.

பொன்னாடையை உருவினாள். நேரே பேனருக்குப் போய், எட்டி, கும்பிடுகிற சிங்காரத்தின் முகம் முழுக்க மறையும்படி அதை மாலைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டாள். அந்த முகத்தை மறைத்தால் போதும், மண்டபம் அதிர்ந்துபோகும், யாராவது ஏன் என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று நினைத்தாள்.

மண்டபம் கைதட்டியது.

"தனக்குப் போர்த்திய பொன்னாடையை, அமரர் கல்வித்தந்தை சிங்காரம் அவர்களின் திருவுருவத்துக்கே அணிவித்து மரியாதை செய்கிறார் கடலூர் ஆசிரியை," என்று மைக் சொன்னது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருநாவுக்கரசு எல்லோரையும் முந்திக்கொண்டு கைதட்டினார்.

அவமானப்படுத்தப் போனால் அதையும் மரியாதையாக மாற்றிப் போட்டுக்கொள்கிற கூட்டத்தை என்ன செய்ய முடியும்? ஜான்சி கீழே இறங்கினாள். இலை போட்டாச்சு, சாப்பிட்டுப் போங்க என்று வாசலில் ஒருவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வந்து பஸ் ஏறினாள். கடலூர் வரும்வரை கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் தளரவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது சவரியம்மாள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்றாள். ஜான்சி எல்லாவற்றையும் சொல்லி, பிரிண்டை அம்மாவின் மடியில் வைத்தாள். முகம் தெரியல, முதுகுதான் இருக்குது, அவருதானான்னு எப்படிச் சொல்றது என்றாள்.

சவரியம்மாள் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆபரேஷன் செய்த ஒரு கண்ணால் நீண்ட நேரம் பார்த்தாள்.

"அவருதான். இதுக்கு மூஞ்சி எதுக்கு? வூட்ட வுட்டுக் கெளம்புறவன் முதுகத்தான பொண்டாட்டி ஜாஸ்தி பாக்குறா."

 சவரியம்மாள் மேலும் சொன்னாள். பின்னால் எந்த வண்டி நெருங்குகிறது, எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று பார்த்துக் கத்துவதுதான் அவருக்குச் சொன்ன வேலையாம். முந்தின நாள் வீட்டில் முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, எப்படித் திரும்பி உட்காரப் போகிறேன் என்று செய்து காட்டினாராம். பைத்தியக்கார மனுஷன் என்று இவள் சிரித்தாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுடைய விரல் படத்தில் நகர்ந்து அந்தப் பக்கம் போயிருந்தது.

"இவன் எங்கடி பாக்குறான்?"

"யாரு?"

"ஓட்றவன்."

ஜான்சி குனிந்து பார்த்தாள். நேற்றிலிருந்து அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள். சுப்பராயலுவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. கார் வளைவுக்கு வந்துவிட்டது. சாலை அவருக்கு முன்னால் இடது பக்கம் வளைந்து போகிறது. அவருடைய தலை மட்டும் முழுசாகப் பக்கவாட்டில் திரும்பி, சாலையோரத்தில் நின்ற கேமராவைப் பார்த்து, பல் வரிசை மொத்தமும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. பேனரிலும் அப்படியேதான் இருந்தார். பேனரில் இருக்கிறவர்கள் நம்மைப் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

"வேற நாளா இருக்கும்னு சொல்றாங்கம்மா."

"எத்தன நாளு? ஒரே நாளு, ஒரே தடவ. மறுபடி ஓட்டறதுக்கு அந்தக் காரு ஏது?" சவரியம்மாள் படத்தை விரலால் தட்டினாள். "அந்த மரத்த நான் போயிப் பாத்திருக்கேன். போட்டோக்காரன் நின்ன எடத்துக்கும் மரத்துக்கும் கூப்புடுற தூரம்தான். பின்னால பாக்குறது இவரு வேல. பாக்குறாரு, பாரு. முன்னால பாக்க வேண்டியவன் போட்டோவுக்குப் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கான். இத்தன வருஷமா நானும், மனுஷன் ஏதோ தப்புப் பண்ணிட்டாரோ, எதையோ பாக்காம வுட்டுட்டாரோன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்டி."

ஜான்சி போனை எடுத்தாள். சாயம் பூசாத படத்தைப் 'பொற்காலம்' குழுவில் ஏற்றினாள். கீழே எழுதினாள்: 'இது ஒரிஜினல் படம். திரும்பி உட்கார்ந்திருப்பவர் மெக்கானிக் பெரியநாயகம், என் அப்பா. அவர் காரைத் திருடவில்லை. ஓட்டவும் இல்லை. இது எடுத்த அடுத்த நிமிஷம் இறந்துபோனார்.'

அவள் போனைக் கீழே வைப்பதற்குள் இதயங்கள் வரத் தொடங்கிவிட்டன. 'அரிய புகைப்படம், நன்றி' என்றது துபாய். 'கறுப்பு வெள்ளையின் அழகே தனி' என்றார் ஒருவர். பிறகு நியூ ஜெர்சி வந்தது: 'ஆஹா! ரோடு எவ்வளவு காலி பாருங்கள். டிராஃபிக்கே இல்லாத பொற்காலம்!'

அம்மா கட்டிலிலிருந்து, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். ஜான்சி படித்துக் காட்டவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி அழுத்தி, அந்த மனிதருக்குக் கீழே பதில் எழுதினாள்:

'ஆமாம். குறுக்கே ஒருவரும் வரவில்லை. டிரைவர் எங்கே பார்க்கிறார் என்று பாருங்கள்.'